சாவி சட்டைப் பையில், எஞ்சின் கராஜில்

கடந்த வருடம் நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கண்டியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுக் கம்பளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, எண்பது வயதைத் தாண்டிய உம்மா, சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் இளைய மகள். வழியில் மழை கொட்டத் தொடங்கியது. முன் கண்ணாடியில் ஆவி படிந்து பாதை தெரியவில்லை. ஏ.சி.யைக் கூட்டி வைத்தபடிதான் வீடு வரை ஓட்டி வந்தேன்.

எமது வீடு மலைச் சரிவில் இருக்கிறது. இந்தப் பகுதிகளில் பலரும் அப்படித்தான் கட்டுகிறோம். வீதி மட்டத்தில் கராஜ், அதற்கு மேல் தட்டில் குடியிருப்பு. கராஜுக்குள்ளிருந்தே ஒரு படிக்கட்டு மேலே ஏறி உம்மாவின் அறை வாசலில் போய் முடியும். உம்மா மழையில் நனையாமல் மேலே வரவேண்டும் என்பதற்காக, மேசன் பாஸிடம் நானே சொல்லிக் கட்டுவித்த படிக்கட்டு அது.

காரை உள்ளே விட்டேன். கியரை 'பி'யில் போட்டேன். உம்மாவைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டும். கைபேசி வேறு ஒலிக்கிறது, "போய்ச் சேந்தீங்களா?" என்று கல்யாண வீட்டிலிருந்து கேட்கிறார்கள். ஏதோ 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக இப்போது ஞாபகம் வருகிறது. ரோலர் கதவை இழுத்து மூடிய இரைச்சலில் அதுவும் அடங்கிவிட்டது. எல்லோரும் மேலே வந்துவிட்டோம். கார் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

ஸ்டார்ட் பட்டனை அழுத்திக் காரை அணைக்க மறந்திருந்தேன்.

இரவு இரண்டு மணியளவில் உம்மா கூப்பிட்டார். "மகன், தல வெடிக்கிற மாதிரி ஈக்கிது." எழுந்து நிற்கப் பார்த்தவர் கட்டிலிலேயே சரிந்தார். வாந்தியும் எடுத்தார். மனைவிக்கும் தலையிடி. மகள் எழும்பி வந்து வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். எனக்கும் நெற்றி கனத்துக் கிடந்தது. மழையில் நனைந்த தடிமன் என்று நினைத்தேன். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் வருத்தம் என்றதும் எங்கள் சந்தேகம் முழுவதும் கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் மேல்தான் விழுந்தது. பாவம் அந்தப் பிரியாணி சமைத்தவர்.

உம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் காரை எடுக்கலாம் என்று கீழே இறங்கினேன். கராஜ் சூடாக இருந்தது. கார் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் 27 வருடங்களாகப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் என்ன வாயு சேரும், அது இரத்தத்தில் என்ன செய்யும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன். அந்தக் காரைப் பார்த்ததும் என் மனதில் வந்த முதல் எண்ணம், "இவ்வளவு பெற்றோல் வீணாகிவிட்டதே!" என்பதுதான். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. உம்மாவைத் தூக்கி அதே காரில் ஏற்றி, மனைவியையும் மகளையும் படுக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். என் புத்தி மந்தமாக இருந்ததற்கும் அந்த வாயுவே ஒரு காரணம் என்று பின்னர் விளங்கிக்கொண்டேன்.

வைத்தியசாலையில் கடமையிலிருந்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர். உம்மாவின் விரலில் ஒட்சிசன் அளவைக் காட்டும் கிளிப்பை மாட்டினார்கள். 98 என்று காட்டியது. எனக்கு நிம்மதி. சாப்பாட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிங்களத்தில் கேட்டார்: "கல்யாணத்தில் சாப்பிட்ட வேறு யாருக்காவது வருத்தமா?" மச்சானுக்கு அந்த நேரத்தில் அழைப்பெடுத்துக் கேட்டேன். அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அடுத்து அவர் கேட்டார்: "வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஏதும் ஓடியதா? அடுப்புக் கரி? கார்?"

எனக்குக் கால் நடுங்கியது அப்போதுதான். மனைவியும் மகளும் இன்னும் வீட்டுக்குள்.

வீட்டுக்கு அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தேன், பதில் இல்லை. மூன்றாவது தடவைதான் மனைவி எடுத்தார். குரல் குழறியது. "மகளையும் இழுத்துக்கொண்டு உடனே வெளியே போ, அடுத்த வீட்டுக்குப் போ" என்று கத்தினேன். போனார்கள், அல்ஹம்துலில்லாஹ். புறப்பட்ட அவசரத்தில் ரோலர் கதவைத் திறந்தபடியே விட்டு வந்திருந்தேன். அன்றிரவு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான், அதுவும் தெரிந்து செய்ததல்ல.

இதை எழுதுவது என் கவலையீனத்தை ஊருக்குச் சொல்வதற்காக அல்ல. அந்த இரவுக்குப் பிறகு தேடித் தேடி வாசித்தபோது ஒரு விடயம் விளங்கியது. என்னைப் போலவே காரை அணைக்க மறந்து, காலையில் எழும்பாமலே போனவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போலவே சாவியைக் கையோடு கொண்டு போனவர்கள்.

முதலில் அந்த வாயுவைப் பற்றி. பெற்றோல், டீசல், விறகு, கரி என்று எது எரிந்தாலும், முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உண்டாகும். நாம் மூச்சு விடும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு வேறு, இது வேறு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ எரிக்காது. காற்றின் நிறையோடு கிட்டத்தட்ட ஒத்திருப்பதால் மேலேயோ கீழேயோ ஒதுங்காமல் அறை முழுவதும் கலந்துவிடும். படிக்கட்டு வழியாக ஏறும், கதவு இடுக்கால் நுழையும்.

எமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் வண்டி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்த வண்டியில் ஏறுவதில் காபனோரொட்சைட்டு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் வலிமையானது. ஏறிவிட்டால் இலகுவில் இறங்காது. சாதாரண காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணித்தியாலங்கள் எடுக்கும். முகமூடி மூலம் சுத்தமான ஒட்சிசன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணித்தியாலமாகக் குறையும். அதனால்தான் அந்த வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே உம்மாவுக்கு ஒட்சிசன் மாட்டினார்.

அப்படியென்றால் விரல் கிளிப் ஏன் 98 என்றது? அந்தச் சின்னக் கருவி ஒளியைப் பாய்ச்சி இரத்தத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறது. காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினும் சிவப்பாகவே இருப்பதால், ஒட்சிசன் நிறைந்திருப்பதாக அது தவறாகக் கணக்கிட்டுவிடும். கொரோனா காலத்தில் வாங்கிய கிளிப் இன்று பல வீடுகளில் இருக்கிறது. இந்த விடயத்தில் மட்டும் அதை நம்பக் கூடாது.

ஆரம்பக் குறிகள் எல்லாம் சாதாரண வருத்தம் போலவே இருக்கும். தலையிடி, தலைசுற்று, குமட்டல், சோர்வு, குழப்பம். காய்ச்சல் மட்டும் இருக்காது. சந்தேகிக்க வேண்டிய அடையாளம் இதுதான்: ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் கூடுகிறது. தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அடையாளங்கள் கூடத் தெரியாது. தலையிடியில் விழித்தெழுவதற்கு முன்பே மயக்கத்துக்குப் போய்விடலாம். உம்மா வயதின் காரணமாக அரைத் தூக்கம் தூங்குபவர். அன்று அவர் ஆழ்ந்து தூங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்னும் யோசித்துப் பார்க்க விரும்பவில்லை.

இனி காரின் கதைக்கு வருவோம். நான் ஓட்டப் பழகிய காலத்தில் சாவி ஒரு இரும்புத் துண்டு. அதைத் திருப்பினால் எஞ்சின் நிற்கும். உருவினால் கையில் வரும். ஓட்டோமெட்டிக் காராக இருந்தால் கியர் 'பி'யில் இல்லாமல் சாவியை உருவவே முடியாது. ஆகவே சாவி கையில் இருக்கிறது என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். இதை யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை, கை தானாகவே பழகிக்கொண்டது. முப்பது வருடங்கள் அப்படிப் பழகிய ஒரு கையிடம், திடீரென்று சாவியைப் பையிலிருந்து எடுக்கவே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

புதிய சாவி ஒரு சிறிய வானொலிக் கருவி. அது காருக்குள் இருக்கிறதா என்பதை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான் கார் கட்டாயமாகப் பார்க்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு சாவியை நீங்கள் வீட்டுக்குள் கொண்டு போனாலும், ஏன், வேறு ஊருக்கே கொண்டு போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். "சாவி தூரப் போனதும் தானாக நின்றால் என்ன?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஓடும்போது சாவியின் பட்டரி இறந்தாலோ, சமிக்ஞை தடைப்பட்டாலோ, கடுகண்ணாவை வளைவில் எஞ்சின் நின்றுவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் 'பி'யில் போட்டு, கதவு திறந்து மூடப்பட்டு, சாவியும் போய், ஆசனத்தில் ஆளும் இல்லாமல் அரை மணித்தியாலம் நிற்கும் கார் வளைவில் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதை அறிந்துகொள்ள இன்றைய காரொன்றுக்குப் பெரிய அறிவு தேவையில்லை. அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு சிறிய மென்பொருள் கட்டளை போதும்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை நீண்ட காலமாகப் பேசப்படுகிறது. அங்கு குளிர் காரணமாக வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜ் சர்வ சாதாரணம். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 2018 மே மாதம் ஒரு நீண்ட விசாரணைக் கட்டுரையை வெளியிட்டது. 2006 முதல் அதுவரை, சாவியில்லாக் கார்கள் கராஜில் ஓடியபடி விடப்பட்டதால் 28 பேர் உயிரிழந்தும் 45 பேர் பாதிக்கப்பட்டும் இருந்ததை அந்தப் பத்திரிகை கண்டறிந்தது. இறந்தவர்களில் பலர் வயோதிபர்கள். அதற்குள் அந்நாட்டில் விற்பனையான புதிய வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பட்டனில் ஸ்டார்ட் ஆகுபவையாக மாறியிருந்தன.

என்னைக் கோபப்படுத்தியது மரண எண்ணிக்கை மட்டுமல்ல. அங்குள்ள வாகனப் பொறியியலாளர் சங்கம் 2011 ஆம் ஆண்டிலேயே இதற்கான பரிந்துரைகளை வெளியிட்டிருந்தது. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், எஞ்சினை அணைக்காமல் இறங்கினால் கார் வெளியிலும் கேட்கும்படி உரத்து ஒலிக்க வேண்டும் என்று ஒரு விதியை முன்மொழிந்தது. அதற்கு முழு வாகனத் தொழிற்றுறைக்கும் சேர்த்து வருடத்துக்கு 5 இலட்சம் டொலருக்கும் குறைவாகவே செலவாகும் என்று நிர்வாகமே கணக்கிட்டிருந்தது. ஒரு காருக்கு என்று பிரித்துப் பார்த்தால் சில சதங்கள். உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். விதி வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. அந்த வருடங்களில் மரணங்கள் தொடர்ந்தன.

சில நிறுவனங்கள் தாமாகவே மாறின. ஃபோர்ட் 2013 முதல், ஆளில்லாமல் 30 நிமிடங்கள் ஓடினால் தானாக நிற்கும் வசதியைச் சாவியில்லாக் கார்களில் சேர்த்தது. டொயோட்டா, அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான கார்களில் 2020 மொடல் முதல் இந்த வசதி வரும் என்று 2019 இல் அறிவித்தது. கடைசியில் 2021 நவம்பரில் கையெழுத்தான உட்கட்டமைப்புச் சட்டத்தில், தானாக அணையும் வசதியைக் கட்டாயமாக்கும் விதியை உருவாக்குமாறு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பரிந்துரை வந்து பத்து வருடங்களுக்குப் பிறகு.

"அது அமெரிக்கா, எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். எமது வீடுகள் பெரும்பாலும் திறந்தவை, போர்ட்டிகோவின் கீழ் கம்பிக் கேட்டுக்குள் கார் நிற்கும், காற்று நன்றாக ஓடும். அப்படிப்பட்ட வீடுகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வீணாகப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் கடந்த பதினைந்து வருடங்களில் நாம் கட்டும் வீடு மாறியிருக்கிறது. கொழும்பிலும் தெஹிவளையிலும் ஐந்து, ஆறு பேர்ச்சஸ் நிலத்தில் கீழ்த் தட்டு முழுவதும் கராஜ், மேலே மூன்று தட்டில் குடும்பம். முன்னால் ரோலர் கதவு, இரு பக்கமும் அயல் வீட்டுச் சுவர், உள்ளே படிக்கட்டு. மலையகத்தில் என் வீட்டைப் போல. அறைகளுக்கு ஏ.சி. போட்டு, நுளம்புக்குப் பயந்து யன்னல்களையும் அடைத்துவிடுகிறோம்.

கார்களும் மாறியிருக்கின்றன. ஜப்பானில் ஓடி இங்கு வந்த ஹைபிரிட் கார்கள் எமது வீதிகளை நிறைத்திருக்கின்றன. அக்வா, பிரியஸ், வெசல் என்று பெயர்கள் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே நம்மிடம் உள்ள பட்டன் கார்களில் மிகப் பெரும்பாலானவை, அமெரிக்காவில் இந்த மாற்றங்கள் பரவலாக வருவதற்கு முன்பு தயாரானவை.

ஹைபிரிட் காரில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரண கார் என்றால் அணைக்க மறந்தாலும் எஞ்சின் உறுமல் காதில் விழும். ஹைபிரிட் கார் நின்றதும் எஞ்சின் தானாக ஓய்ந்துவிடும். காருக்குள் அமைதி. அணைந்துவிட்டது என்றே யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது 'ரெடி' நிலையில் விழித்திருக்கிறது. பட்டரி குறைந்ததும், நீங்கள் மேலே தூங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தானாக எழும்பி ஓடும், பட்டரியை நிரப்பும், மறுபடி ஓயும். ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தால் இது அடிக்கடி நடக்கும். நான் அன்று மழைக்காக ஏ.சி.யைக் கூட்டி வைத்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா?

"இப்போதைய கார்களில் புகையே இல்லையே" என்று ஒரு நண்பர் வாதிட்டார். புகை வெளியேறும் குழாயிலுள்ள கட்டலிட்டிக் கொன்வேட்டர் நச்சு வாயுவைப் பெருமளவு குறைப்பது உண்மைதான். ஆனால் அது சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நின்று நின்று ஓடும் எஞ்சினில் அது ஆறிப்போகலாம். மூடிய கராஜில் ஒட்சிசன் குறையக் குறைய எரிதலும் கெடும், வாயு கூடும். இங்கு சில வாகனங்களில் அந்தக் கொன்வேட்டரைக் கழற்றி விற்றும் விட்டார்கள். பழைய காரின் புகை நாற்றமாவது எம்மை எச்சரித்தது. புதிய காரில் அந்த நாற்றம் பெரும்பாலும் இல்லை.

கராஜ் கதவு திறந்திருந்தாலும் போதாது என்பதற்கு ஒரு பரிசோதனை உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் குளிரான காரொன்றை, கராஜ் கதவைத் திறந்து வைத்தபடியே இரண்டு நிமிடங்கள் ஓடவிட்டுப் பின்பு வெளியே எடுத்தார்கள். கராஜுக்குள் காபனோரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 500 பங்கு என்ற அளவுக்கு ஏறியது. பத்து மணித்தியாலங்கள் கழித்தும் அளவிடக்கூடிய வாயு அங்கே மிச்சமிருந்தது.

சரி, கார் எச்சரிப்பதே இல்லையா? எச்சரிக்கிறது. பெரும்பாலான கார்கள் ஒரு தடவையோ சில தடவைகளோ 'பீப்' என்று சொல்லும். திரையில் ஏதோ எழுத்தும் வரும். எமது கார்களில் அந்த எழுத்து ஜப்பானிய மொழியில். இதில் எமக்கென்றே ஒரு விசேட நிலைமை இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பல கார்களை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். என் மகள் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமே செய்துவிட்டாள். நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான கார்ட் போடப்படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம் என்று பிறகுதான் அறிந்தோம். எமக்குச் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை. தினமும் காலையில் அர்த்தமில்லாத ஒரு அறிவிப்பைக் கேட்டுச் சும்மா இருந்து பழகியவர்கள், அர்த்தமுள்ள 'பீப்' சத்தத்தையும் அதே கணக்கில்தான் சேர்ப்பார்கள். வயது போனவர்களுக்கு இந்தக் கூர்மையான ஒலிகள் காதில் விழுவதே குறைவு. மழைச் சத்தம், ரோலர் கதவுச் சத்தம் வேறு.

அந்த நிகழ்வுக்குப் பிறகு என் காரைப் பரிசோதித்தேன். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், திறந்த வெளியில் 'ரெடி' நிலையில் 'பி'யில் விட்டு, சாவியோடு இறங்கிக் கதவை மூடிவிட்டு, மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் 'பீப்' என்றது. பிறகு ஒரு மணித்தியாலம் இருபது நிமிடங்கள் காத்திருந்தேன். ஏ.சி. போட்டிருந்ததால் எஞ்சின் ஒன்பது தடவை தானாக ஓடியது. கார் தானாக அணையவில்லை. உங்கள் காரையும் இப்படி ஒரு விடுமுறை நாளில் திறந்த வெளியில், கண் பார்வையில் வைத்துப் பரிசோதித்துப் பாருங்கள். விற்றவரிடம் கேட்பதை விட இது நிச்சயமான வழி.

எச்சரிக்கைக் கருவியொன்றை வாங்கலாம் என்று கண்டியில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் புகை வந்தால் அலறும் கருவியைத்தான் காட்டினார்கள். அது இதற்கு உதவாது, காபனோரொட்சைட்டு அதன் கண்ணுக்குப் புகையே அல்ல. காபனோரொட்சைட்டுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட கருவியைக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனிடம் சொல்லித்தான் எடுப்பித்தேன். படிக்கட்டின் மேல் முனையில், உம்மாவின் அறை வாசலில் மாட்டியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக ஒரு தடவை இதைக் கேட்கலாம்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதையும், அன்று நான் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும், எல்லோரும், தூங்கும் பிள்ளைகளும் உட்பட. காரை அணைப்பதற்காகக் கராஜுக்குள் முதலில் ஓடக் கூடாது. உதவிக்குப் போனவர் உள்ளேயே விழுந்துவிடலாம். முடிந்தால் ரோலர் கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டு, காற்றோடிய பிறகே உள்ளே போக வேண்டும். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து 1990 சுவசெரியவுக்கு அழைக்க வேண்டும். வைத்தியரிடம் "எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடி, வீட்டில் எஞ்சின் ஓடியது" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாப்பாட்டைத்தான் தேடுவார். தேறிய பிறகும் சில நாட்கள், சில வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம் தலைகாட்டக்கூடும். உம்மாவை ஒரு மாதம் கழித்து மறுபடியும் காட்டினோம். ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. என் தவறை ஒரு வார்த்தை விடாமல் உறவினர்களுக்குச் சொல்கிறார்.

இதே வாயுதான் ஜெனரேட்டரிலிருந்தும் வருகிறது. 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் ஜெனரேட்டரைப் படிக்கட்டின் கீழும் பின் வராந்தாவிலும் வைத்து ஓட்டிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அதே வருடம் ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைப் பகுதியில் பனியில் சிக்கிய கார்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டிருந்ததும், பனி புகைக்குழாயை அடைத்ததும் அவர்களில் பலரின் மரணத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டது. இங்கு பனி இல்லை. ஆனால் விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய், ஏ.சி.யைப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்கும் வழக்கம் இருக்கிறது. புகைக்குழாயில் ஒரு ஓட்டை இருந்து வாயு உள்ளே கசிந்தால் அதுவும் இதே கதைதான்.

இறக்குமதியாகும் வாகனத்தின் வயது, எஞ்சின் கொள்ளளவு, வரி என்று எல்லாவற்றுக்கும் எமது நாட்டில் வர்த்தமானி வருகிறது. வருடாந்தம் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் எடுக்கிறோம். ஆளில்லாமல் ஓடினால் தானாக அணையும் வசதி இருக்க வேண்டும் என்று இறக்குமதி நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பதற்கு வெளிநாட்டு நாணயம் செலவாகாது. நகர சபைகளும் பிரதேச சபைகளும் வீட்டு வரைபடத்தை அங்கீகரிக்கும்போது, கராஜுக்கும் குடியிருப்புக்கும் இடையே இறுக்கமாக மூடும் கதவு இருக்கிறதா, கராஜுக்குக் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம். என் வீட்டு வரைபடம் அங்கீகரிக்கப்பட்டபோது யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

போன மாதம் அதே மேசன் பாஸை அழைத்துக் கராஜின் வெளிச் சுவரில் இரண்டு பெரிய காற்றுத் துவாரங்கள் வெட்டுவித்தேன். படிக்கட்டின் கீழே, தானாக மூடிக்கொள்ளும் ஒரு கதவும் போட்டாயிற்று. காரை அணைக்காமல் விடுவதற்கு அது அனுமதி அல்ல என்பதை மகள் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள். வேலை முடிந்து கூலி வாங்கும்போது பாஸ் காரணம் கேட்டார், சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இந்த ஊரில் இதே மாதிரிப் படிக்கட்டு வைத்து, தான் இன்னும் பதினொரு வீடுகள் கட்டியிருப்பதாகச் சொன்னார். அந்தப் பதினொரு வீட்டாரின் பெயர்களையும் என் டயரியில் எழுதிக்கொண்டேன். இதுவரை ஏழு வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன்.